டெப்பின் டச் வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் முறை

டெப்பின் திரை விரலுக்கு அசையாவிட்டால் "டச் போட்டுது, மாத்தத்தான் வேணும்" என்று கெதியாக முடிவெடுத்துவிடாதீர்கள். கடைக்கு வரும் டெப்புகளில் எத்தனையோ சார்ஜரை மாற்றினாலோ ஒட்டியிருந்த கிளாஸைக் கழற்றினாலோ சரியாகிவிடக் கூடியவை. கண்ணாடியை ஒருமுறை சூடாக்கித் திறந்துவிட்டால் பழைய இறுக்கம் திரும்ப வராது. ஆகவே திறக்க முன்னம் எது பழுது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு அரை மணித்தியாலம் காணும்.

இப்போதுள்ள டெப்புகளின் தொடுதிரை அழுத்தத்தை அளப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் கிட்ட வந்ததும் அந்த இடத்துக் கோடுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் சிறிதளவு மாறும். டச் ஐசி என்ற சின்னச் சிப் செக்கனுக்குப் பல பத்துத் தடவை முழுத் திரையையும் அளந்து அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது. அளவு மிக நுண்ணியது என்பதால் அதைக் குழப்புவதும் சுகம். விரலுக்கும் கோட்டுக்கும் இடையில் ஏதாவது இருக்கலாம், வெளியிலிருந்து மின் இரைச்சல் வரலாம், கோடோ இணைப்போ அறுந்திருக்கலாம், மென்பொருள் தடுக்கலாம். கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்த நாலில் ஒன்றுக்குள் அடங்கும்.

முதலில் மூன்று வேலை. சார்ஜரைக் கழற்றுங்கள். கவரையும் முழுதாகக் கழற்றுங்கள். காந்தமோ உலோகத் தகடோ உள்ள கவர் என்றால் கட்டாயம். பிறகு சத்தம் கூட்டும் பட்டனை ஒருமுறை அமத்தி, திரையில் சத்தத்தின் கோடு வருகிறதா என்று பாருங்கள். கோடு வந்தால் டெப் உயிரோடு இருக்கிறது, தொடுகை மட்டும்தான் வேலை செய்யவில்லை. கோடும் வராமல் மணிக்கூடும் நகராமல் நின்றால் டெப் முழுதாக இறுகிவிட்டது. அதில் டச்சுக்குக் குற்றம் இல்லை.

முழுதாக இறுகி நிற்கிறது

வலிந்து மீளத் தொடக்க வேண்டும். சம்சுங் டெப் என்றால் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 7 செக்கனுக்கு மேல் பிடியுங்கள். மற்ற அன்ட்ரொய்ட் டெப்புகள் பலவற்றில் பவர் பட்டனை மட்டும் 10 முதல் 20 செக்கன் வரை பிடித்தால் போதும். ஹோம் பட்டன் உள்ள ஐபேட்டில் ஹோமையும் மேல் பட்டனையும் அப்பிள் சின்னம் வரும்வரை விடாதீர்கள். ஹோம் பட்டன் இல்லாத ஐபேட்டில், மேல் பட்டனுக்குக் கிட்ட உள்ள சத்தப் பட்டனை அமத்தி விட்டு, தள்ளி உள்ளதை அமத்தி விட்டு, பிறகு மேல் பட்டனைச் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும்.

இறுகுவது அடிக்கடி நடந்தால் சேமிப்பிடத்தைப் பாருங்கள். 32 ஜிபி டெப்பில் பாட வீடியோக்களும் வட்ஸ்அப் படங்களும் நிறைந்து சில நூறு எம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், தட்டி மூன்று நாலு செக்கன் கழித்துத்தான் திரை அசையும். அதை டச் பழுது என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரு 4 ஜிபியாவது வெறுமையாக்கி ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்து கொதித்த டெப்பும் இப்படித்தான் தூங்கி வழியும். ஐபேட்டுக்கு அப்பிள் சொல்லும் பாவனை வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரைதான். சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்தில் நிழலிலேயே அது கிட்ட வந்துவிடும். நிழலில் ஆறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும்.

தட்டினால் ஒரு கட்டம் மட்டும் வருகிறது, எதுவும் திறக்குதில்லை

இது பழுதே இல்லை. பார்வைக் குறையுள்ளவர்களுக்கான வாசிப்பு வசதி தவறுதலாக இயங்கியிருக்கிறது: அன்ட்ரொய்ட்டில் டோக்பக், ஐபேட்டில் வொய்ஸ்ஓவர். டெப்பைத் தூக்கும்போது சின்னப் பிள்ளைகள் இரண்டு சத்தப் பட்டன்களையும் சேர்த்து அமத்தினால் சில டெப்புகளில் இது தானாகவே தொடங்கும். சத்தம் குறைத்து வைத்திருந்தால் டெப் வாசிப்பதும் கேட்காது. தட்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் தெரியும். ஒருமுறை தட்டினால் தெரிவு, இருமுறை தட்டினால் திறப்பு, இரண்டு விரலால் இழுத்தால்தான் பக்கம் நகரும். இது தெரியாதவருக்கு டச் செத்ததுபோலவே இருக்கும்.

இரண்டு சத்தப் பட்டன்களையும் சேர்த்து 3 செக்கன் பிடித்தால் டோக்பக் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் மேற்சொன்ன இருமுறை தட்டும் முறையிலேயே செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி என்று போய் நிறுத்துங்கள். ஐபேட்டில் ஹோம் பட்டனையோ மேல் பட்டனையோ மும்முறை அமத்திப் பாருங்கள்.

ஐபேட்டில் இன்னும் இரண்டு விசயம் உண்டு. ஒரு செயலியை விட்டு வெளிக்கிட ஏலாமல், திரையின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் இருந்தால் அது கைடட் அக்சஸ். பிள்ளை ஒரு செயலிக்குள்ளேயே இருக்கட்டும் என்று யாரோ பூட்டியிருப்பார்கள். மும்முறை அமத்தி அதற்குரிய இலக்கத்தைப் போட்டால் விடும். தொட்டு நீண்ட நேரம் பிடித்தால் மட்டும் வேலை செய்தால் அக்சசிபிலிட்டிக்குள் டச் அக்கொமடேஷன்ஸ் என்பதைப் பாருங்கள். அதில் ஹோல்ட் டியூரேஷன் இயங்கியிருக்கும்.

சார்ஜ் போட்டால் தானாக ஓடுகிறது, எழுத்து தாறுமாறாக விழுகிறது

எங்கள் பக்கத்தில் இதை வடிவாகப் புரிந்துகொள்வது மிக அவசியம். பழுது சார்ஜரில் இருக்க, நல்ல திரையை மாற்றிவிடுவார்கள்.

சார்ஜருக்குள் 230 வோல்ட் மின்சாரம் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டப்பட்டுத்தான் 5 வோல்ட்டாகிறது. வெட்டும்போது எழும் இரைச்சலை அடக்க நல்ல சார்ஜரில் வடிகட்டிச் சுற்று இருக்கும். மலிவுச் சார்ஜரில் அதைக் குறைத்தோ விட்டோ செய்வார்கள். அந்த இரைச்சல் டெப்பின் உடம்பு முழுதும் ஏறி நிற்கும். நீங்கள் தரையில் நின்று திரையைத் தொடும்போது அது உங்கள் விரலூடாகத் தரைக்கு வழி தேடும். டச் ஐசி அளக்கும் மாற்றமோ மிகச் சிறியது. இரைச்சல் அதை விழுங்கிவிடும். விளைவு, தொடாத இடத்தில் தொட்டதுபோலவும் தொட்ட இடத்தில் தொடாததுபோலவும் ஐசிக்குத் தெரியும்.

வயரைக் கழற்றியவுடன் திரை ஒழுங்காக வேலை செய்தால் டெப்பில் பழுதில்லை. வயரை மாட்டி, வேறு நல்ல சார்ஜரில் பாருங்கள். பிறகு அதே சார்ஜரில் வேறு வயர். பிறகு மல்ரிபிளக் இல்லாமல் நேரே சுவர்ச் சொக்கற்றில். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். பவர்பாங்கில் போடும்போது சரியாகவும் சுவரில் போடும்போது மட்டும் பிழையாகவும் இருந்தால், பழுது சுவர்ப் பக்கம்தான். மின்வெட்டு நேரம் பழைய இன்வெர்ட்டரில் மட்டும் இப்படி நடந்தால் அதன் சதுர அலைதான் காரணம்.

மூன்று துளைச் சொக்கற்றின் மேல் துளைக்குள் பேனையைக் குத்தி இரண்டு முள் சார்ஜரைச் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிடி தளர்ந்து பொறி பறக்கும். அதுவும் இரைச்சல்தான், நெருப்புக்கும் வழி. சொக்கற்றுக்குப் பொருந்தும் மூன்று முள் சார்ஜரை வாங்குங்கள். இரண்டு முள் சார்ஜரில் உலோக உடம்பைத் தடவும்போது மெல்லிய கூச்சம் வருவது வழமை. கை சுரீரென்று இழுத்தால் அந்தச் சார்ஜரை அன்றைக்கே முறித்து எறியுங்கள். அதற்குள் 230 வோல்ட் பக்கத்தைப் பிரிக்கும் காப்பு போய்விட்டது என்று கொள்ள வேண்டும், பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே ஏலாது.

அழுத்தித் தொட்டால்தான் கேட்கிறது, ஓரங்களில் கேட்பதில்லை

டெம்பர் கிளாஸைச் சந்தேகியுங்கள். ஓரத்தில் மட்டும் பசையுள்ள கிளாஸ் நடுவில் காற்றிடைவெளி விடும். அந்த இடைவெளியே தொடுகையைப் பலவீனப்படுத்தப் போதும். பழைய கிளாஸின் மேலேயே புதிதை ஒட்டியிருப்பதும் உண்டு. கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கழற்றியதும் நன்றாக வேலை செய்தால் முழுப்பசை உள்ள 0.33 மில்லிமீற்றருக்கு மேற்படாத கிளாஸ் போடுங்கள். சில சம்சுங் டெப்புகளில் டிஸ்பிளே பகுதியில் டச் சென்சிடிவிட்டி என்ற தெரிவு இருக்கும், கிளாஸ் போட்டவர்களுக்கானது அது.

அடுத்தது அழுக்கு. வியர்வை, எண்ணெய், கடற்காற்றின் உப்பு. குருநகர், பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோரங்களில் ஒரு கிழமை துடைக்காத திரையில் விரலால் கோடிழுத்தால் பிசுபிசுக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் மின்னைக் கடத்தும், கோடுகளுக்கு அது ஒரு மெல்லிய விரல்போலத் தெரியும்.

துடைக்கும்போது கிணற்றுத் தண்ணியைப் பாவிக்காதீர்கள். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் கிடப்பது. கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு துடைத்த திரையிலும் காய்ந்து நிற்கும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் வளையம் வளையமாகத் தெரியும், விரல் அதன் மேல் சறுக்காமல் பிடிபடும். பாமசியில் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். வாகனப் பற்றரிக்கு விடும் தண்ணியும் உதவும், ஆனால் போத்தலில் தண்ணியா அசிட்டா என்று வாசித்துப் பாருங்கள். எண்ணெய்க்கு 70% ஐசோபுரோப்பைல் அற்ககோல். எதையும் திரையில் ஊற்றாமல், மைக்ரோபைபர் துணியில் சில துளி விட்டு, டெப்பை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். கண்ணாடி கழுவும் திரவமும் பற்பசையும் மேற்பூச்சை உரித்துவிடும். பிறகு அழுக்கு இன்னும் கெதியாகப் பிடிக்கும்.

ஒரே நேர்கோட்டில் ஒரு பட்டி செத்திருக்கிறது

கீபோட்டில் ஒரு வரிசை எழுத்து மட்டும் விழாதது, மேலிருந்து கீழே ஒரு விரல் அகலத்துக்கு எதுவும் அசையாதது இந்த வகை.

டெப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் படமும் திரும்பிய பிறகு பாருங்கள். செத்த இடம் கண்ணாடியின் அதே இடத்திலேயே நின்றால் வன்பொருள். படத்தோடு சேர்ந்து அதுவும் இடம் மாறினால் மென்பொருள், அல்லது அந்தச் செயலி.

அன்ட்ரொய்ட்டில் இதைக் கண்ணால் காண ஒரு நல்ல வழி உண்டு. செட்டிங்ஸில் அபௌட் டெப்லெட்டுக்குள் பில்ட் நம்பரை 7 தடவை தட்டுங்கள். சம்சுங்கில் அது சொவ்ட்வெயார் இன்பர்மேஷனுக்குள் இருக்கும். டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் பொயின்டர் லொக்கேஷனை இயக்குங்கள். இப்போது விரலை வைத்தால் அதன் மேல் ஒரு சிலுவைக்கோடு விழும், இழுத்தால் பின்னால் கோடு ஓடும். திரையின் மேல் மூலையிலிருந்து, வயல் உழுவதுபோல, விரல் அகலம் விட்டு விட்டுப் போய்வந்து முழுத் திரையையும் உழுங்கள். நல்ல திரையில் கோடு அறாமல் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கோடு அறுந்து, தாண்டிப் போய்த் தொடங்கினால் அந்தப் பட்டியின் கடத்திக் கோடு போய்விட்டது.

மேலே பி என்று தொடங்கும் எண்ணையும் பாருங்கள். அதில் முதல் எண், அந்தக் கணத்தில் எத்தனை விரல் தொடுகிறது என்பது. கையை எடுத்த பிறகு அது 0 ஆக வேண்டும். மேசையில் சும்மா கிடக்கும்போது அது 1, 2 என்று துள்ளினால் பேய்த் தொடுகை, அதாவது தொடாமலே தொட்டதாகப் பதிவது, உறுதி. அதைச் சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் பார்த்துவிட்டால் முந்திய பகுதிக்கான விடையும் கிடைத்துவிடும்.

ஐபேட்டில் இந்த வசதி இல்லை. ஒரு செயலிச் சின்னத்தை அமத்திப் பிடித்து, அது ஆடத் தொடங்கியதும் திரை முழுதும் மெதுவாக இழுத்துப் போங்கள். செத்த பட்டியைத் தாண்டும்போது சின்னம் கையைவிட்டு விழும்.

விழுந்த பிறகு இப்படி வந்ததென்றால் நேரே கண்ணாடியை மாற்றச் சொல்ல வேண்டாம். உள்ளே டச்சைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டை வயர், அதாவது பிளெக்ஸ், அதன் கிளிப்பிலிருந்து அரை மில்லிமீற்றர் நகர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். திறந்து, முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றி, பிளெக்ஸ் நுனியை 99% அற்ககோலால் துடைத்து, திரும்பச் சரியாகப் பொருத்தினால் சிலவேளை அதுவே காணும்.

திரை தூக்கி நிற்கிறது

டெப்பை மட்டமான மேசையில் வைத்து ஒரு மூலையை அமத்துங்கள். தொட்டில்போல ஆடினால், கண்ணாடி ஓரத்தில் நகம் போகும் இடைவெளி தெரிந்தால், அல்லது வெள்ளைப் படத்தில் நடுவே ஒரு பிரகாசமான புள்ளி நின்றால் பற்றரி வீங்கியிருக்கிறது. வீங்கிய பற்றரி திரையை உள்ளிருந்து தள்ளுவதால்தான் டச் குழம்புகிறது. இங்கே சோதனை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், திரையை அமத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்று விடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது எரியும் வாயு. டெப்பை நிறுத்தி, சீமெந்துத் தரையில் எரியும் பொருள் எதுவும் கிட்ட இல்லாத இடத்தில் வைத்து, திருத்துநரிடம் கொடுங்கள். கழற்றிய பற்றரியைக் குப்பையோடு சேர்த்து வளவுக்குள் கொளுத்த வேண்டாம். இது வெடிக்கும்.

தண்ணி பட்டது

உடனே நிறுத்துங்கள். சார்ஜ் துவாரம் கீழே பார்க்க நிமிர்த்தி வைத்து மின்விசிறிக் காற்றில் 48 மணித்தியாலம் விடுங்கள். வெயிலில் காயவிட்டால் பசை இளகும். அரிசிக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள் துவாரத்துக்குள் போவதுதான் மிச்சம். மாரி மழை பட்டதென்றால் காய்ந்து தப்பலாம். கடல் தண்ணி என்றால் காயும்வரை பார்த்திருக்க ஏலாது. அன்றைக்கே திறந்து அற்ககோலால் கழுவாவிட்டால் பிளெக்ஸ் நுனிகளைப் பச்சைக் களிம்பு தின்றுவிடும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால், முதலில் தரவு

அன்ட்ரொய்ட் டெப்புக்கு ஓடிஜி அடப்டர் (சார்ஜ் துவாரத்தில் யூஎஸ்பி சாதனத்தை மாட்ட உதவும் சின்ன இணைப்பி) ஒன்றும் சாதாரண யூஎஸ்பி மவுஸ் ஒன்றும் போதும். செருகியதும் அம்புக்குறி வரும், பட்டர்ன் கூட அதனாலேயே போடலாம். ஐபேட்டில் ஐபேட்ஓஎஸ் 13.4 முதல் மவுஸ் நேரே வேலை செய்யும். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பூட்டியிருந்த ஐபேட், திறக்கப்படும்வரை யூஎஸ்பி சாதனத்தை ஏற்காமல் விடலாம். விரலடையாளத்தால் திறக்கும் ஐபேட் என்றால் மீளத் தொடக்க முன்னமே திறந்து மவுஸை மாட்டுங்கள். மீளத் தொடங்கிய பிறகு இலக்கம் கேட்கும், அதைத் தொட்டுப் போட வழி இருக்காது. படம், குறிப்பு, வட்ஸ்அப் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் அடுத்த படி.

அன்ட்ரொய்ட்டில் சேப் மோட்டில், அதாவது நீங்கள் போட்ட செயலிகள் இயங்காத நிலையில், போட்டுப் பாருங்கள்: நிறுத்தி, திரும்பப் போட்டு, சின்னம் வந்ததும் சத்தம் குறைக்கும் பட்டனைத் தொடங்கி முடியும்வரை பிடியுங்கள். மூலையில் சேப் மோட் என்று தெரியும். அதில் டச் சரியென்றால் நீங்கள் போட்ட செயலி ஒன்றுதான் காரணம், கடைசியாகப் போட்டதை முதலில் சந்தேகியுங்கள். சேப் மோட்டிலும் பிழை என்றால் முழு அழிப்பு (பக்டரி ரீசெட்) மிஞ்சுகிறது. அதற்கு முன் டெப்பில் உள்ள கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரியுமா என்று உறுதிப்படுத்துங்கள். தெரியாமல் ரிக்கவரி (பட்டன்களால் திறக்கும் மெனு) வழியாக அழித்தால் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அழித்த பிறகு முதலில் வரும் மொழித் தெரிவுத் திரையிலேயே தொட்டுப் பாருங்கள். அங்கேயும் அசையாவிட்டால் வன்பொருள்தான், இனிச் செயலிகளோடு மினைக்கெடத் தேவையில்லை.

மாற்றக் கொடுக்கும்போது

டச்சும் படத்திரையும் தனித்தனியா, ஒன்றாக ஒட்டியதா என்று கேளுங்கள். ஐபேட் 5 ஆம் தலைமுறை முதல் 9 ஆம் தலைமுறை வரை கண்ணாடியும் படத்திரையும் வேறு வேறு, கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஐபேட் எயார் 2 முதலான எயார்களில் இரண்டும் ஒன்றாக ஒட்டியவை, செலவு மிகக் கூடும். பெயர் தெரியாத மலிவு டெப்புக்கு அங்குல அளவு சொல்லி வாங்க ஏலாது. பழைய டச்சின் பிளெக்ஸில் அச்சிட்டிருக்கும் இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிப்பதென்றாலும் அந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். இலக்கம் மாறினால் வலப்பக்கம் தொட இடப்பக்கம் திறக்கும்.

ஹோம் பட்டன் உள்ள ஐபேட்டில் பழைய பட்டனையே புதுக் கண்ணாடிக்கு மாற்றச் சொல்லுங்கள். விரலடையாளம் அந்தப் பட்டனுக்கும் போர்டுக்கும் மட்டும் பொருந்தியது, புதுப் பட்டனில் வராது. மாற்றிய பின் பேய்த் தொடுகை தொடங்கினால், பிளெக்ஸ் உலோகச் சட்டத்தில் முட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மின் கடத்தாத பொன்னிறக் கப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டினால் பல தடவை நிற்கும். அசலல்லாத திரை மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு திடீரென்று அசையாமல் போவதும் நடந்திருக்கிறது: 2018 இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது அசலல்லாத திரை போட்ட ஐபோன் 8 சிலவற்றில் டச் நின்றது, 11.3.1 அதைச் சரிசெய்தது.

புதுக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்ட முன்னம், வெறுமனே இணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பொயின்டர் லொக்கேஷனைப் போட்டு (ஐபேட்டில் சின்னத்தை இழுத்து) மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உழுது, கோடு அறாமல், சின்னம் விழாமல் வந்தால் ஒட்டலாம். ஒட்டிய பிறகு கடையிலேயே சார்ஜரை மாட்டி இன்னொருமுறை உழுங்கள். பழைய டச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள், அதன் பிளெக்ஸ் இலக்கம் பிறகும் தேவைப்படும்.